மலாயாப் போரில் வந்த டாங்கி: மாணவர் கட்டிய மாதிரியும் அது காட்டிய அளவும்

1942-ஆம் ஆண்டு ஜனவரி 7-ஆம் நாள், பொழுது புலர்வதற்கு முன், பேராக்கின் தென்பகுதியிலுள்ள துரோலாக்குக்கு வடக்கே பெருஞ்சாலை வழியாக ஜப்பானிய டாங்கிகள் வந்தன. அன்று காலை எட்டரை மணியளவில் சிலிம் ஆற்றுப் பாலம் ஜப்பானியர் கைக்குப் போயிற்று. நான்கு நாட்கள் கழித்து, 11-ஆம் நாள், கோலாலம்பூர் வீழ்ந்தது. அடுத்த மாதம் 15-ஆம் நாள் சிங்கப்பூரும் சரணடைந்தது.

வகுப்பறையில் இதனை நாம் ஓரிரு வாக்கியங்களில் கடந்துவிடுகிறோம். ஏன் இத்தனை விரைவில் வீழ்ந்தது என்று மாணவன் கேட்டால், "அவர்களிடம் டாங்கி இருந்தது, வெள்ளையரிடம் இல்லை" என்போம். இவ்விடை பொய்யன்று. ஆயினும் அதனுள் ஒரு மயக்கம் உண்டு. டாங்கி என்றதும், எதனாலும் தடுக்கவொண்ணாத பூதம் ஒன்று கேட்பவர் உள்ளத்தில் வந்து அமர்ந்துகொள்கிறது. பூதத்தின் முன் தோற்றவரைக் குறை சொல்வார் யார்? அவரை அங்கே நிறுத்தியவரைத்தான் யார் கேட்பார்? அத்துடன் வினாவே முடிந்துபோகிறது.

அவ்வினா முடியவில்லை என்பதை இக்கட்டுரையாளனுக்கு உணர்த்தியது பெருநூல் ஒன்றுமன்று. எங்கள் தோட்டப் பள்ளியின் ஆறாம் ஆண்டு மாணவர் விளையாட்டுக் கட்டைகளால் கட்டிய, ஒரு சாணுக்கும் குறைந்த நீளமுடைய மாதிரி வண்டியே அது.

முதலில் என் பிழையைச் சொல்லிவிடுகிறேன். என் தந்தையார் 1942-இல் ஒன்பது வயதுச் சிறுவர். சிலிம் ரிவர் வட்டாரத்துத் தோட்டம் ஒன்றின் லயத்தில் வளர்ந்தவர். நாங்கள் பிள்ளைகளாய் இருந்தபோது அவர் சொன்ன கதைகளில் டாங்கி என்பது லயத்தைவிட உயரமானது. பால்மரங்களை முறித்துக்கொண்டு வருவது. எந்தக் குண்டுக்கும் அசையாதது. அக்கதையையே நானும் பல ஆண்டுகள் வகுப்பில் சொல்லி வந்தேன். பயிற்சிக் கல்லூரியில் வரலாறு கற்பிக்கும் முறை பற்றிப் படித்ததெல்லாம் அப்போது எங்கே போயிற்றோ தெரியவில்லை. ஆசிரியன் சொல்லும் தவறு நூறு வீடுகளுக்குப் போய்ச் சேரும் ஆதலின், அதை இங்கே ஒப்புக்கொள்வதே முறை.

கட்டையும் கணக்கும்

லெகோ என்னும் பிளாஸ்டிக் கட்டைகளை ஆசிரியர் பலரும் அறிவர். டென்மார்க் நாட்டுப் பில்லுண்ட் என்னும் ஊரில், ஓலே கிர்க் கிறிஸ்டியன்சன் என்ற தச்சர் 1932-இல் மரப்பொம்மைகள் செய்யத் தொடங்கிய தொழிலிலிருந்து பிறந்தவை அவை. இன்றைய வடிவிலான கட்டைக்கு உரிமைப் பதிவு 1958-ஆம் ஆண்டு ஜனவரி 28-இல் கேட்கப்பட்டது. மேலே குமிழ், கீழே குழாய். ஒன்றை மற்றொன்றின்மேல் அழுத்தினால் பற்றிக்கொள்ளும். ஒரு குமிழுக்கும் அடுத்த குமிழுக்கும் உள்ள தொலைவு 8 மில்லிமீட்டர். கட்டையின் உயரம், குமிழ் நீங்கலாக, 9.6 மில்லிமீட்டர். அதில் மூன்றில் ஒரு பங்கு கனமுள்ள 'தட்டை'களும் உண்டு. இவ்வளவுகள் ஒருபோதும் மாறுவதில்லை. கணித ஆசிரியருக்கு இதைவிட நல்ல கருவி வேறென்ன வேண்டும்?

லெகோ நிறுவனத்தார் இக்காலப் போர்க்கருவிகளை மாதிரிப் பெட்டிகளாக விற்பதில்லை என்னும் கொள்கை உடையவர்கள். போலந்து நாட்டுக் கோபி போன்ற வேறு நிறுவனங்கள் இரண்டாம் உலகப்போர் டாங்கிகளைப் பெட்டியிலிட்டு, எந்தக் கட்டையை எங்கே பொருத்துவது என்ற படங்களுடன் விற்கின்றன. எங்கள் மாணவரிடம் அப்பெட்டி ஒன்றும் இல்லை. வீடு வீடாகக் கேட்டு வாங்கிய உதிரிக் கட்டைகளே இருந்தன. சிவப்பும் மஞ்சளும் நீலமும் கலந்தவை. வழிகாட்டும் படம் இல்லாதது நல்லதாயிற்று. உண்மையான வண்டியின் அளவுகளைத் தேடிப் பிடித்து, தாமே கணக்கிட்டுக் கட்ட வேண்டிவந்தது.

எந்த டாங்கியைக் கட்டுவது? மலாயாவுக்கு வந்தவற்றுள் இரு வகைகள் முதன்மையானவை. ஒன்று 95-ஆம் வகை இலேசு டாங்கி, 'ஹா-கோ' என்பர். மற்றொன்று 97-ஆம் வகை நடுத்தர டாங்கி, 'சி-ஹா' என்பர். இவ்வெண்கள் எங்கிருந்து வந்தன என்று ஒரு மாணவி கேட்டாள். ஜப்பானியர் தம் பேரரசின் தொடக்கமாகக் கொண்ட ஆண்டுக் கணக்குப்படி 1935 என்பது 2595. 1937 என்பது 2597. அவற்றின் கடைசி இரண்டு இலக்கங்களே வகை எண்கள். 'ஹா' என்பது அவர்களுடைய பழைய எழுத்துவரிசையாகிய இரோஹாவில் மூன்றாம் எழுத்து. நாம் அ, ஆ, இ என்று இடுவது போன்றதே. பெயரில் இருந்த அச்சத்தில் பாதி அப்போதே தீர்ந்தது.

நான் ஹா-கோவைத் தேர்ந்தேன். காரணம் மிக எளியது. அதன் அகலம் 2.07 மீட்டர், முப்பத்திரண்டில் ஒரு பங்காகச் சுருக்கினால் ஏறத்தாழ 65 மில்லிமீட்டர், எட்டுக் குமிழ் 64 மில்லிமீட்டர். நீளம் 4.38 மீட்டர், சுருக்கினால் பதினேழு குமிழ். உயரம் 2.28 மீட்டர், ஏழு கட்டையும் ஒரு தட்டையும். இத்தனை அழகாக ஒத்துவரும் கணக்கு எனக்கு வேறு எதிலும் வாய்த்ததில்லை.

கட்டுவது கணக்கைப் போல் எளிதாக இல்லை. பக்கத்துக்கு நான்கு சாலைச் சக்கரங்கள். இரண்டிரண்டாகப் பிணைத்து, நடுவே கிடையாக வைத்த ஒரு சுருள்வில்லால் தாங்கப்பட்டவை. முன்னே பற்சக்கரம், பின்னே மற்றொரு சக்கரம், மேலே சங்கிலிப் பட்டையைத் தாங்க இரண்டு சிறு உருளைகள். தொமியோ ஹாரா என்ற ஜப்பானியப் பொறியாளர் வகுத்த அமைப்பு இது. பொம்மைக் கார்களிலிருந்து சக்கரங்களைக் கழற்றினோம். சங்கிலிப் பட்டைக்கு எதுவும் பொருந்தாமற் போகவே, ஒரு மாணவன் பழைய சைக்கிள் டியூபைக் கீற்றாக நறுக்கிச் சுற்றிவிட்டான். அந்தச் சைக்கிள் டியூபுக்குப் பின்னால் வருவேன். மேலேயுள்ள சுழல்கோபுரம் வண்டியின் நட்டநடுவில் இல்லாமல் சற்றே இடப்புறம் ஒதுங்கியிருக்கும். அதற்காக மூன்றுமுறை பிரித்துக் கட்டினார்கள். மஞ்சள் கட்டைகளைப் பற்றி மட்டும் கவலை வேண்டாம் என்றேன். பழுப்பும் பச்சையுமான உண்மை வண்டியின்மேலும் மஞ்சள் வரிகள் வளைந்து வளைந்து தீட்டப்பட்டிருந்தன.

சுவரின் கனம்

பிறகுதான் அந்த வினா வந்தது. இரும்புச் சுவரின் கனத்தை மாதிரியில் எப்படிக் காட்டுவது என்று அதே மாணவி கேட்டாள். ஹா-கோவின் கவசம், மிகக் கனமான இடத்தில், 12 மில்லிமீட்டர். முப்பத்திரண்டால் வகுக்கச் சொன்னேன். 0.375 மில்லிமீட்டர் என்று கரும்பலகையில் எழுதினாள். அது ஓர் அட்டையின் கனம். எங்கள் மாதிரியின் சுவரோ ஒரு குமிழ் அகலம், அதாவது 8 மில்லிமீட்டர். உண்மை அளவுக்குப் பெருக்கினால் 256 மில்லிமீட்டர். மாணவரின் பொம்மை, அளவுக்கு அளவு பார்த்தால், உண்மை டாங்கியைவிட இருபத்தொரு மடங்கு கனமான சுவருடையதாய் இருந்தது.

அத்துடன் அவள் விடவில்லை. இரண்டு கட்டைகளைப் பக்கம் பக்கமாக வைத்து அளந்தாள், 16 மில்லிமீட்டர். "ஐயா, உண்மையான டாங்கியின் இரும்பு இந்த இரண்டு கட்டை அளவுகூட இல்லையே?" என்றாள். இல்லைதான். சுருக்காத, உண்மையான இரும்பின் கனமே அவள் விரல்களுக்கிடையில் அடங்கிவிட்டது. முப்பதாண்டுகளாக நான் சொல்லிவந்த பூதம் அந்த மேசைமேல் ஒன்றரைக் கட்டையாய்ச் சுருங்கிப்போனதை எப்படிச் சொல்வேன்!

மறுநாள் சபைகூடல் திடலில் சுண்ணக்கட்டியால் 4.38 மீட்டருக்கு 2.07 மீட்டர் கட்டம் வரைந்தோம். மூன்று மாணவரை உள்ளே அமர்த்தினோம், ஹா-கோவில் சென்றவர் மூவர் ஆதலின். வலப்புறம் ஓட்டுபவர், இடப்புறம் இயந்திரத் துப்பாக்கிக்காரர், கோபுரத்தில் தலைவர். இயந்திரத்துக்கும் குண்டுகளுக்கும் இடம் ஒதுக்கியபின் மூவரும் முழங்காலை மடக்கி உட்கார வேண்டியதாயிற்று. உயரத்தையும் அளந்தோம். வகுப்பறைக் கதவின் மேற்சட்டத்தை ஏறக்குறைய ஒரு சாணளவே விஞ்சியது.

கோபுரத்தில் இருந்த மாணவனுக்குத்தான் வேலை மிகுதி. அக்கோபுரம் ஒருவருக்கு மட்டுமே இடமுடையது. வெளியே பார்ப்பது, எங்கே போவதென்று கட்டளையிடுவது, 37 மில்லிமீட்டர் பீரங்கியில் குண்டைத் திணிப்பது, குறிபார்ப்பது, சுடுவது, கோபுரத்தின் பின்பக்கத்து இயந்திரத் துப்பாக்கியையும் கவனிப்பது ஆகிய எல்லாம் அவர் ஒருவர் பொறுப்பு. பெரும்பாலான வண்டிகளில் வானொலியும் இல்லை. கொடியசைத்தே ஒருவருக்கொருவர் செய்தி சொன்னார்கள்.

இவ்வளவு மெல்லிய வண்டியை ஏன் செய்தார்கள்? 1930-களின் தொடக்கத்தில் ஜப்பானியரிடம் இருந்த 89-ஆம் வகை டாங்கி மணிக்கு 25 கிலோமீட்டர்தான் ஓடும். லாரிகளில் செல்லும் காலாட்படையுடன் இணைந்து செல்ல இயலவில்லை. ஆகவே விரைவே முதன்மை என்று கொண்டு, 7.4 டன் எடையில், 120 குதிரைத்திறனுள்ள காற்றுக்குளிர்ச்சி டீசல் இயந்திரத்துடன், மணிக்கு 45 கிலோமீட்டர் ஓடும் இவ்வண்டியைப் படைத்தனர். கவசம் போதாதென்று காலாட்படையார் அப்போதே குறைகூறினர். 1939-இல் மங்கோலிய எல்லையில், நொமொன்ஹான் போரில், சோவியத் பீரங்கிகள் அக்குறையை மெய்ப்பித்தும் விட்டன. ஐரோப்பியப் போர்க்களங்களில் இவ்வண்டி அரை நாள் நின்றிருக்காது என்பதே என் கருத்து.

அப்படியானால் மலாயாவில் வென்றது எப்படி?

சிலிம் ரிவர்

மலாயாவில் போர் தொடங்கிய 1941-ஆம் ஆண்டு டிசம்பர் 8-ஆம் நாளில் இந்நாட்டில் பிரிட்டிஷ் டாங்கி ஒன்றுகூட இல்லை. யாமாஷிதாவின் 25-ஆம் படையிடமோ இருநூறுக்கு மேல் இருந்தன. காடும் ரப்பரும் நிறைந்த நாட்டில் டாங்கிகள் இயங்கா என்ற எண்ணம் பிரிட்டிஷ் அதிகாரிகளிடையே ஊறியிருந்தது. அவர்கள் காட்டைப் பார்த்தார்கள், சாலையைப் பார்க்கவில்லை. ஈயத்தையும் ரப்பரையும் துறைமுகம் சேர்க்க இந்நாட்டில் போடப்பட்ட சாலைகள் அக்கால ஆசியாவிலேயே சிறந்தவற்றுள் அடங்குவன. பொதுப்பணித்துறையின் கூலிகளாய் அவற்றைக் கல்லுடைத்துப் போட்டவருள் பெருந்தொகையினர் தமிழர் என்பதை நம் வாசகருக்கு நினைவூட்ட வேண்டியதில்லை. நல்ல சாலையும் வரிசை பிடித்து நிற்கும் ரப்பர் மரங்களும் டாங்கிக்குத் தடையல்ல.

டிசம்பர் 11-இல் கெடாவில் ஜித்ராவுக்கு அருகே முதன்முதலாக டாங்கிகள் தாக்கியபோது, எதிரே நின்ற இந்தியச் சிப்பாய்களுள் பெரும்பாலோர் தம் வாழ்நாளில் டாங்கியைக் கண்ணால் கண்டதில்லை. நம்முடையதோ பகைவருடையதோ, எதையும் கண்டதில்லை. பயிற்சிக்குக் காட்டவும் ஒன்றில்லை. என் தந்தையாருக்கு இருந்த அச்சம்தான் அவர்களுக்கும் இருந்திருக்கும். அவருக்கு வயது ஒன்பது, அவர்களுக்கு இருபது. வேறுபாடு அவ்வளவே.

ஜித்ராவிலிருந்து ஒரு மாதம் பின்வாங்கி, கம்பாரில் சில நாள் வீரத்துடன் எதிர்த்து நின்று, உறக்கமின்றிச் சோர்ந்த 11-ஆம் இந்தியப் படைப்பிரிவு ஜனவரி முதல் வாரத்தில் துரோலாக்குக்கும் சிலிம் ரிவருக்கும் இடையில் நிறுத்தப்பட்டது. முன்வரிசையில் ஹைதராபாத் படையினர். அவருக்குப் பின் பஞ்சாபியர். அவருக்குப் பின் ஸ்காட்லாந்து ஆர்கைல் படையினர். இன்னும் தெற்கே கூர்க்காக்கள். சாலையின் இருமருங்கும் காடு. இரயில் பாதையும் அருகே சென்றது.

ஜப்பானியத் தளபதி ஆந்தோ, வழக்கம்போல் காட்டினுள் சுற்றிவந்து தாக்க எண்ணியிருந்தார். டாங்கிப் படைத் தலைவர் ஷிமாதா, இருளிலேயே சாலை வழியாக நேராக உள்ளே புகுந்துவிடுகிறேன் என்று கேட்டு இசைவு பெற்றார். அதிகாலை மூன்றரை மணியளவில் தாக்குதல் தொடங்கியது. டாங்கிகள் சுமார் இருபது; காலாட்படை உடன் வந்தது. ஹைதராபாத் வரிசை சிறிது நேரத்தில் பிளந்தது.

அடுத்து நடந்ததைத்தான் ஊன்றிப் பார்க்க வேண்டும். பஞ்சாபியர் வரிசையில் முன்வந்த டாங்கி ஒன்று கண்ணிவெடியில் சிக்கி நின்றது. பின்னால் வந்தவை அதன்பின் வரிசையாக முட்டிக்கொண்டு நின்றுவிட்டன. பஞ்சாபியர் பெட்ரோல் புட்டிகளையும் டாங்கி எதிர்ப்புத் துப்பாக்கிகளையும் கொண்டு கடுமையாகப் போரிட்டனர். பூதம் நின்றது! ஒரு சில கண்ணிவெடிகளும், அஞ்சாது அருகே சென்ற சில மனிதரும் அதை நிறுத்திவிட்டனர். ஆனால் சாலையை நேராக்கியபோது கைவிடப்பட்ட பழைய வளைவுச் சாலைத் துண்டுகள் காட்டோரத்தில் அப்படியே கிடந்தன. அவற்றில் ஒன்றைக் கண்டுபிடித்து, டாங்கிகள் சுற்றிக்கொண்டு பஞ்சாபியரின் பின்புறம் வந்துவிட்டன. அவ்வளைவுகளை யாரும் அடைக்கவில்லை, வெடியும் வைக்கவில்லை.

அதன்பின் தடையென்று சொல்லத்தக்கது இல்லை. தொலைபேசிக் கம்பிகள் அறுந்தமையால் முன்னே நடந்தது பின்னே இருந்தவருக்குத் தெரியவில்லை. ஆர்கைல் படையினரின் சாலைத் தடைகள் தள்ளுண்டன. சாலையோரம் அணிவகுத்து நடந்துகொண்டிருந்த மற்றொரு பஞ்சாபிப் பட்டாளத்தின்மேல் டாங்கிகள் சுட்டுக்கொண்டே சென்றன. கூர்க்காப் பட்டாளம் ஒன்றை முதுகுப்புறத்திலிருந்தே தாக்கின. சிலிம் ஆற்றுப் பாலத்தைத் தகர்க்க வைத்திருந்த வெடியின் கம்பியை வதனாபே என்னும் இளம் அதிகாரி வாளால் வெட்டியதாகச் சொல்வர். பாலத்துக்கு அப்பாலும் இரண்டு மைல் சென்றபின், பிரிட்டிஷ் பீரங்கிப் படையினர் தம் 4.5 அங்குல ஹவிட்சர் ஒன்றைச் சாலைக்கு நேரே திருப்பி, மிக அருகிலிருந்து சுட்டு முதல் டாங்கியை உடைத்தனர். அங்கே ஓட்டம் நின்றது. அதற்குள் சுமார் 19 மைல் கடந்துவிட்டார்கள். 12-ஆம் இந்தியப் பிரிகேடில் மறுநாள் எஞ்சியவர் சுமார் 400 பேர்.

அன்று காலையில் அந்த ஓட்டத்தைத் தடுத்தவை இரண்டே: ஒன்று கண்ணிவெடி, மற்றது சாலைக்கு நேரே திருப்பிய பீரங்கி. இரண்டும் 11-ஆம் படைப்பிரிவினரிடம் முன்னரே இருந்தவை. பீரங்கிகளை டாங்கிகளுக்கு எதிராக நிறுத்தாதது தம் தவறே என்று 12-ஆம் பிரிகேடின் தலைவர் ஸ்டூவர்ட் பிற்காலத்தில் எழுதியிருக்கிறார். டாங்கிகளை எதிர்க்கும் முறையான பயிற்சி ஒன்றிலேனும் தாம் கலந்துகொண்டதில்லை என்றும் அவர் சொன்னார். தம் பிழையைத் தாமே எழுதிவைத்த அவரை நான் மதிக்கிறேன். ஆனால் டாங்கிப் போர் ஐரோப்பாவில் தொடங்கி இரண்டாண்டு கழிந்தபின்னும் அப்பயிற்சியை அவருக்குக் கொடுக்காதவர்கள் அப்படி எழுதியதாகத் தெரியவில்லை. 1941-இன் கடைசி மாதங்களில் மட்டில்டா, வாலண்டைன் டாங்கிகள் நூற்றுக்கணக்கில் பிரிட்டனிலிருந்து சோவியத் நாட்டுக்குக் கப்பலேறின. அங்கே தேவை இருந்தது, மறுக்கவில்லை. மலாயாவுக்கு என ஒதுக்க ஒன்றும் இல்லாமற் போயிற்று.

மாணவன் கண்ட பிழை

இவ்வளவும் சொல்லி முடித்தபோது ஒரு மாணவன் குறுக்கிட்டான். சிலிம் ரிவரில் முன்னே வந்தவை ஹா-கோ அல்லவே, சி-ஹா அல்லவா என்றான். அவன் சொன்னதே சரி. ஷிமாதாவின் வண்டிகளுள் பெரும்பாலானவை 97-ஆம் வகை நடுத்தர டாங்கிகள், ஹா-கோ சிலவே. குமிழ்க் கணக்கு அழகாக வந்தது என்பதற்காக ஆசிரியன் தவறான வண்டியைத் தேர்ந்துவிட்டேன்! சி-ஹா 15 டன் எடை, நால்வர் செல்வர், பீரங்கி 57 மில்லிமீட்டர். கவசம் பெரும்பாலும் 25 மில்லிமீட்டர், அதாவது மூன்று கட்டை அகலமும் ஒரு மில்லிமீட்டரும். அக்காலப் பிரிட்டிஷ் டாங்கி எதிர்ப்புப் பீரங்கியான 'இரண்டு பவுண்டர்' ஆயிரம் கெஜத்திலிருந்தும் அதைத் துளைக்க வல்லது. வண்டி மாறினாலும் வாதம் மாறவில்லை.

நாங்கள் கட்டிய ஹா-கோவுக்கு உரிய இடம் வேறு. அது ஜொகூரில், மூவாருக்குக் கிழக்கேயுள்ள பக்ரி.

சிலிம் ரிவருக்குப் பதினொரு நாள் கழித்து, ஜனவரி 18-ஆம் நாள் காலை, ஒன்பது ஹா-கோக்கள் பக்ரிச் சாலையில் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. அங்கே ஆஸ்திரேலியர் இரண்டு 'இரண்டு பவுண்டர்'களைச் சாலையோரத்தில் மறைத்து வைத்திருந்தனர். அப்பட்டாளத் தலைவர் ராபர்ட்சன், தமக்கு இப்பீரங்கிகள் வேண்டியதில்லை என்றே முதலில் எண்ணினார். பீரங்கிக்காரர்கள் விட்டுப்போகவில்லை. டாங்கிகள் வந்தபோது கவசம் துளைக்கும் குண்டுகளைச் சுட்டார்கள். அவை ஒரு பக்கம் நுழைந்து மறு பக்கம் வெளியேறிவிட்டன. தகடு அவ்வளவு மெல்லியது. குண்டுக்கு அது ஒரு தடையாகவே தோன்றவில்லை. உடனே வெடிக்கும் குண்டுகளுக்கு மாறினார்கள். சிறிது நேரத்தில் ஒன்பது டாங்கிகளும் சாலையிலேயே எரிந்தன. அக்காட்சியின் புகைப்படம் மலாயாப் போர் பற்றிய நூல்கள் பலவற்றில் இடம்பெற்றுள்ளது. முறிந்த மரங்களிடையே வரிசையாக நிற்கும் அவ்வண்டிகளைப் படத்தில் பார்த்ததும், "நம்முடையது போலவே இருக்கிறது" என்றார்கள் மாணவர்.

பக்ரியில் வெற்றி கிடைத்துவிட்டது என்று யாரும் கருத வேண்டாம். அதற்கு ஓரிரு நாள் முன்னரே, மூவார் ஆற்றங்கரையில் நிறுத்தப்பட்ட 45-ஆம் இந்தியப் பிரிகேடு, பயிற்சி முடியாத இளைஞர்களைக் கொண்டது, சிதறடிக்கப்பட்டிருந்தது. பக்ரியில் நின்றவர்களும் சூழப்பட்டுப் பின்வாங்கினர். பாரிட் சூலோங் பாலத்தருகே விட்டுச்செல்லப்பட்ட காயமுற்ற ஆஸ்திரேலியரும் இந்தியரும் 22-ஆம் நாள் கொல்லப்பட்டனர். ஒன்பது டாங்கிகளை உடைத்ததால் போரின் போக்கு மாறிவிடவில்லை. ஆனால், ஜனவரி 7-இல் தடுக்கவொண்ணாதது என்று பெயரெடுத்தது ஜனவரி 18-இல் இரண்டு சிறு பீரங்கிகளால் தடுக்கப்பட்டது என்பது வரலாற்று உண்மை. இரும்பு அதேதான். எதிரே நின்றவர்களுக்குக் கருவியும் பயிற்சியும் கொடுக்கப்பட்டிருந்தன.

தந்தையார் கேட்ட ஓசை

மாதிரி வண்டியை என் தந்தையாரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். தொண்ணூறைக் கடந்தவர், கண் மங்கியிருந்தாலும் நினைவு மங்கவில்லை. கையில் வாங்கித் தடவிப் பார்த்தார். அளவுகளைச் சொன்னேன். நம்பவில்லை. "நீ புத்தகத்தில் படித்தவன், நாங்கள் கேட்டவர்கள்" என்றார்.

'கேட்டவர்கள்' என்ற சொல் என்னை நிறுத்தியது. பார்த்தீர்களா அப்பா என்று கேட்டேன். நெடுநேரம் பேசாமல் இருந்தார். பிறகு, சாலையில் இரவெல்லாம் இரும்பு உருளும் ஓசை கேட்டதாகவும், லயத்தில் எல்லாரும் விளக்கை அணைத்துவிட்டுப் பாயில் குப்புறப் படுத்திருந்ததாகவும், விடிந்தபின் டயர்த் தடத்தைத்தான் கண்டதாகவும் சொன்னார். எந்த நாள் என்று அவருக்கு நினைவில்லை.

ஜப்பானியக் காலாட்படையினர் ஆயிரக்கணக்கில் சைக்கிள்களில் வந்தது எல்லாரும் அறிந்ததே. வெப்பத்தில் டயர்கள் வெடித்தபோது அவற்றைக் கழற்றி எறிந்துவிட்டு வெறும் இரும்பு வளையங்களின் மேலேயே ஓட்டினார்கள். தார்ச்சாலையில் நூற்றுக்கணக்கான வளையங்கள் உருண்ட ஓசையை இரவில் டாங்கிகளின் ஓசை என்று மயங்கி அஞ்சியதுண்டு என யாமாஷிதாவின் படை அதிகாரி சூஜி தம் போர் நினைவுநூலில் எழுதியிருக்கிறார். என் தந்தையார் கேட்டது டாங்கியா சைக்கிளா? இனி அதை முடிவுசெய்ய வழியில்லை. வெறும் வளையங்களாய் இருந்திருக்கலாம் என்பதை அவரிடம் சொன்னேன். மாதிரியில் சுற்றியிருந்த சைக்கிள் டியூபை விரலால் நெருடிக்கொண்டே கேட்டிருந்தார். மறுமொழி சொல்லவில்லை.

அவருடைய அச்சத்தை நான் எள்ளிப் பேசுவதாக யாரும் எண்ண வேண்டாம். அந்தச் சாலை திறந்துவிட்டதன் பயனை எங்கள் குடும்பம் அடுத்த ஆண்டு கண்டது. சயாம்–பர்மா இரயில் பாதைக்கு மலாயாவிலிருந்து கொண்டுபோகப்பட்ட எழுபதாயிரத்துக்கும் மேற்பட்ட தொழிலாளருள் பெரும்பாலோர் தோட்டத் தமிழர். என் பாட்டனாரும் 1943-இல் அவர்களுடன் லாரியேறினார், திரும்பவில்லை. தந்தையாரின் கதையில் டாங்கி லயத்தைவிட உயர்ந்து நின்றதற்குக் காரணம் அதுவோ என்றும் நினைத்துப் பார்க்கிறேன். சுண்ணக்கட்டியால் வரைந்த கட்டத்தில் அதை அளக்க இயலாது.

இம்மாதிரியைத் தம் பள்ளியில் செய்ய விரும்பும் ஆசிரியர்களுக்கு ஓரிரு குறிப்புகள். முப்பத்திரண்டில் ஒரு பங்கு என்ற அளவையே கொள்க; கணக்கு ஐந்தாம், ஆறாம் ஆண்டு மாணவருக்கு ஏற்றது. சுவரின் கனத்தைக் கணக்கிடும் வேலையை மாணவரிடமே விட்டுவிடுக. ஆசிரியர் முந்திக்கொள்ளக் கூடாது. சுண்ணக்கட்டிக் கட்டத்தைக் கட்டும் முன்னர் வரையாமல், கட்டி முடித்த பின்னர் வரைக. சிலிம் ரிவரைக் கற்பிக்க வேண்டுமாயின் சி-ஹாவைக் கட்டுவதே பொருத்தம். நீளம் இருபத்தொன்றரைக் குமிழ், அகலம் ஒன்பது, பக்கத்துக்குச் சக்கரம் ஆறு. எங்கள் மாணவர் இப்போது அதைத்தான் தொடங்கியிருக்கின்றனர். ஒன்பது என்பது ஒற்றைப்படை எண் ஆகையால், இரட்டைப்படைக் கட்டைகளே மிகுதியாக உள்ள எங்கள் பெட்டியில் பொருத்தமான துண்டுகள் கிடைக்காமல் ஒரு வாரமாக வேலை நின்றிருக்கிறது. ஒற்றை வரிசைக் கட்டைகள் வைத்திருக்கும் பள்ளியார் கொடுத்து உதவினால் நன்றியுடன் பெற்றுக்கொள்வோம். நிறம் எதுவாயினும் சரி.